பழைய நிரலும் புதிய இலக்கணமும்

உயிருள்ள மொழி எதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. முன் வழங்கிய சொல் வழக்கொழிவதையும், முன் வழங்காத சொல் வந்து புகுவதையும் குற்றமெனக் கொள்ளலாகாது என்று நன்னூலார் விதித்துப் போந்தார். மக்கள் பேசும் மொழியில் இம்மாற்றம் எவரும் நாள் குறிக்காமலே நிகழ்கின்றது. ஒரு சொல் எந்த ஆண்டில் இறந்தது என்று கூறவல்லார் எவருமிலர். ஆனால் மனிதர் கூடியிருந்து இயற்றி, அவரே இலக்கணமும் வகுத்த மொழிகள் சில உள. கணினிக்குக் கட்டளையிடும் நிரல்மொழிகள் அவை. அவற்றில் ஒரு சொல்லோ ஒரு விதியோ கழிய வேண்டுமாயின், அது குறித்த பதிப்பில், முன்னறிவித்த பின்னரே கழிய வேண்டும். எதைக் கழிப்பது, எந்நாளிற் கழிப்பது, கழிந்ததனால் நட்டமுறுவோர் யார், அவருக்கு வழி செய்வது எவ்வாறு என்னும் வினாக்களே பெரும்பதிப்பு ஒன்றைத் திட்டமிடுவோர் முன் நிற்பவை.

இவ்வினாக்கள் நமது இலங்கையிலேயே, கொழும்பு நகரில் உருவான ஒரு மொழியின் பொருட்டு எழுந்து விடை கண்ட வரலாற்றை நம்மவருட் பலர் அறியார். பலரினா என்பது அம்மொழியின் பெயர். அதன் பெரும்பதிப்பு திட்டமிடப்பட்ட விதத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம். ஆயினும் அதற்கு முன்னர் உலகம் கண்ட பைதன் மொழியின் அனுபவத்தைக் கூறாமல் இதனை விளக்குதல் அரிது. தமிழெழுத்தின் பொருட்டும் அதனைக் கூறவேண்டியுள்ளது.

எனது தொழில் சரித்திரம் பயிற்றுதல். கணினி விஞ்ஞானம் அன்று. இருந்தும் சரித்திர ஆசிரியர் ஒருவர் இவ்விடயத்தில் ஈடுபடுவதற்கு நியாயம் உண்டு. திறந்த மூல மொழிகள் எனப்படுவன, தம் மூல நிரலை யாவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையளிப்பன. அவற்றை இயற்றுவோர் தம் பிரேரணைகளையும் மறுப்புகளையும் முடிவுகளையும் திகதியிட்டு வெளிப்படையாகவே விட்டுச் செல்கின்றனர். ஓர் அரசசபையின் நடவடிக்கைக் குறிப்புகள் முழுவதும் அன்றன்றே கைக்குக் கிடைத்தாற் போன்றது இது. சரித்திரம் எழுதுவோர்க்கு இதனினும் வாய்ப்பான ஆவணக் களஞ்சியம் வேறு யாது?

முதலில் ஓர் ஒப்புமை. லிந்துலை என்னும் எமது ஊர்ப்பெயரின் ஈற்றெழுத்தைப் பழைய மலர்களிற் பார்த்தவர்கள், லகரத்தின் முன்னே யானைத் துதிக்கை போன்ற ஒரு வளைவு நிற்பதைக் கண்டிருப்பர். பெரியார் 1935ஆம் ஆண்டு முதல் தமது குடி அரசு இதழிற் கையாண்ட சீர்திருத்த எழுத்துக்களைத் தமிழ்நாட்டு அரசு 1978 ஒக்டோபரில் ஆணையிட்டு ஏற்றது. ணை, லை, ளை, னை என்பவற்றோடு ணா, றா, னா முதலியனவும் சேரப் பதின்மூன்று எழுத்துக்கள் வடிவம் மாறின. அஃது எழுத்து முறையின் ஒரு பெரும்பதிப்பு எனலாம். ஆயினும் அதனால் எந்த நூலும் படிக்க இயலாததாகிவிடவில்லை. பாட்டனார் பழைய வடிவில் எழுதினார். பேரன் புதிய வடிவில் எழுதினான். ஒருவர் கடிதத்தை மற்றவர் வாசித்தார். மனிதக் கண் மன்னிக்கும் இயல்புடையது. கணினியோ மன்னிப்பு அறியாதது. இலக்கணத்தில் ஓர் அடைப்புக்குறி மாறினாலும் முந்தைய நிரலை அது வாசிக்க மறுத்துவிடும். பெரும்பதிப்பின் சிக்கல் யாவும் இந்த ஒரு வேறுபாட்டினின்றே பிறக்கின்றன.

இனிப் பைதனுக்கு வருவோம். நெதர்லாந்து நாட்டின் அம்ஸ்ரடாம் நகரிலுள்ள கணித, கணினி ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய கீடோ வான் ரொசம் என்பவர் 1989ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில் இம்மொழியைத் தொடங்கினார். 1991 பெப்ரவரியில் அது முதன்முதல் வெளியிடப்பட்டது. 2000 ஒக்டோபரில் இரண்டாம் பெரும்பதிப்பு வந்தது. கற்பதற்கு எளிதாதலின் பள்ளிகளிலும் ஆய்வுகூடங்களிலும் விரைந்து பரவிற்று. நமது நாட்டு உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திற்கும் அதுவே நிரல்மொழியாயிற்று.

பரவிய பின்னரே குறைகள் தெரியலாயின. ஒன்றை இரண்டாற் பிரித்தால் விடை யாதென்று கேட்டால் பூச்சியம் என்றது அம்மொழி. முழுவெண்ணை முழுவெண்ணாற் பிரித்தால் விடையும் முழுவெண்ணே என்பது அதன் விதி. அரை, கால், மாகாணி என்று வாய்பாடு படித்த மரபினர்க்கு இது நகைப்பைத் தரும். எனினும் இதனினும் பெரிய குறை எழுத்தைப் பற்றியது. பழைய பைதனில் எழுத்துச்சரம் இருவகைப்படும். ஒன்று வெறும் பைற்றுகளின் வரிசை. மற்றையது ஒருங்குறி எழுத்துக்களின் வரிசை. இரண்டையும் கலந்து எழுத மொழி இடங்கொடுத்தது. ஆங்கில எழுத்து மட்டும் உள்ளவரை கலப்பினால் தீங்கு யாதும் நேரவில்லை. ஆங்கிலமல்லாத ஓரெழுத்து புகுந்த கணமே நிரல் முறிந்து விழுந்தது. ஜோன் என்ற பெயரை ஆங்கிலத்திற் கொடுத்தபோது பல ஆண்டுகள் பிழையின்றி ஓடிய நிரல், ஜானகி என்ற பெயரைத் தமிழிற் கொடுத்ததும் நின்றுவிடும். குற்றம் நிரலை எழுதியவரிடத்து இருந்தும், பழி பெயரின்மேல் வீழ்ந்தது. ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் நிரல் எழுதியவர்க்கு இக்குறை கண்ணிற் படவேயில்லை. அவர் எழுதிய கருவிகளைப் பெற்று நாம் பயன்படுத்தப் புகுந்தபோதே அது வெளிப்பட்டது.

ஓர் உதாரணத்தால் இது மேலும் விளங்கும். தமிழ் என்னும் சொல்லின் நீளம் யாதென்று பழைய பைதனைக் கேட்டால், யூ.ரி.எவ்.8 என்னும் குறிமுறையில் எழுதிய சரமாயின், 15 என்று விடை கூறும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்றுகளைக் கொள்வதே அதற்குக் காரணம். புதிய பைதன் 5 என்று கூறும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஒருங்குறி அட்டவணையிலுள்ள ஐந்தையும் அது எண்ணுகின்றது. நமது இலக்கண நூலாரைக் கேட்டால் த, மி, ழ் என 3 என்பர். பதினைந்திலிருந்து ஐந்துக்கு வந்ததே பெரும் பேறு. ஐந்திலிருந்து மூன்றுக்கு வருவதற்கு ஓப்பன்-தமிழ் போன்ற நிரற்றொகுப்புகளின் துணை வேண்டியுள்ளது.

இக்குறையைத் தீர்ப்பதாயின் பழைய நிரல்களை முறிக்காமற் செய்ய இயலாது என்று வான் ரொசம் குழுவினர் முடிவு செய்தனர். பைதன் 3000 என்று விளையாட்டாக வழங்கிய அத்திட்டத்தின் நெறிமுறைகள் 2006ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. 2008 டிசெம்பர் 3ஆம் நாள் மூன்றாம் பெரும்பதிப்பு வெளிவந்தது. எழுத்துச்சரம் யாவும் ஒருங்குறியே என்றாயிற்று. பைற்று வரிசை வேறொரு வகையாகப் பிரிக்கப்பட்டு, இரண்டையும் கலத்தல் விலக்கப்பட்டது. மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழிலேயே பெயரிடவும் அப்பதிப்பில் இடம் கிடைத்தது. பிரிண்ட் என்னும் ஏவற்சொல் செயற்கூறாக மாறி அடைப்புக்குறியை வேண்டி நின்றது. வாசிப்போர் பலர் இக்கடைசி மாற்றத்தையே பெரிதாகப் பேசினர். உண்மையில் அது மிகச் சிறியது. ஆயினும் பழைய நூலைப் பார்த்து எழுதிய மாணவர்க்கு முதல் வரியிலேயே பிழை காட்டியது அதுவாதலின், ஆசிரியர் அறையில் முறைப்பாடு முழுவதும் அதைப்பற்றியே எழுந்தது. தோட்டப்புறப் பாடசாலைகளில் ஒரு நூல் பல தலைமுறை மாணவரிடம் கைமாறுவது வழக்கம். நூலில் உள்ளது ஒரு பதிப்பு, கணினியில் உள்ளது வேறொரு பதிப்பு என்று அமைந்தால், பிழை எங்கே என்று தேடுவதிலேயே பாடவேளை கழிந்துவிடும்.

மூன்றாம் பதிப்பின் நோக்கம் நேரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. திட்டமோ குறையுடையது. பழைய நிரலைப் புதியதாக மாற்றும் கருவியொன்றைச் செய்து கொடுத்தால், ஒவ்வொருவரும் ஒருநாள் அதனை இயக்கித் தம் நிரலை மாற்றிக்கொண்டு முன்செல்வர் என்று திட்டமிட்டோர் எண்ணினர். நிகழ்ந்தது வேறு. ஒரு நிரல் தனித்து நிற்பதன்று. அது பிறர் எழுதிய பத்து நிரற்றொகுப்புகளின் மேல் நிற்கின்றது. அவை வேறு பத்தின் மேல் நிற்கின்றன. கீழுள்ளவர் மாறாமல் மேலுள்ளவர் மாற இயலாது. மேலுள்ளவர் கேட்காமல் கீழுள்ளவர்க்கு மாற அவசரமில்லை. இங்ஙனம் ஒருவரை ஒருவர் பார்த்துக் காத்திருந்தனர். நிரற்றொகுப்புகளை எழுதியோர் கேட்டதும் வேறொன்று: ஒரே மூலம் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஓட வேண்டும் என்பதே அது. திட்டத்தில் அதற்கு இடமிருக்கவில்லை. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த 3.3ஆம் பதிப்பில், மூன்றாம் பதிப்பினின்றும் நீக்கப்பட்டிருந்த பழைய ஒருங்குறி முன்னொட்டு ஒன்றைத் திரும்பவும் அனுமதித்தனர். நீக்கியவரே மீண்டும் சேர்த்த அச்சிறு குறியைத் திட்டத்தின் போக்கு மாறியதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

2010 யூலையில் வந்த 2.7 என்னும் பதிப்பே பழைய வரிசையின் கடைசி என்றும், அதற்கு ஆதரவு 2015இல் நிற்கும் என்றும் முன்னர் கூறப்பட்டது. 2014இல் அத்தவணை 2020 வரை நீட்டப்பட்டது. 2020 ஏப்பிரலில் 2.7.18 என்னும் இறுதி வெளியீட்டோடு பழைய பைதன் ஓய்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! மொழியை இயற்றிய வான் ரொசம் அவர்களே அக்காலத்திற் சில ஆண்டுகள் பணிபுரிந்த டிரொப்பொக்ஸ் நிறுவனம், கணினிகளில் இயங்கும் தன் செயலியைப் புதிய பதிப்புக்கு மாற்ற 2015இல் தொடங்கி 2018இலேயே முடித்தது. தமிழ்ச்சொற்களால் நிரல் எழுதுவதற்காக முத்தையா அண்ணாமலை அமைத்த எழில் மொழியும் பைதனின் மேலேயே எழுந்தது. 2009இல் அதைப் பற்றிய ஆய்வுரை வெளிவந்தபோது புதிய பைதனுக்கு வயது ஒன்று கூட ஆகவில்லை. தமிழில் நிரல் எழுதும் முயற்சியும் ஆகவே இவ்விரு பதிப்புகளின் இடையிற் சிக்கியே வளரவேண்டியதாயிற்று.

மற்றைய மொழிகளின் கதையைச் சுருங்கக் கூறுவல். லாரி வோல் இயற்றிய பேர்ள் மொழியின் ஆறாம் பதிப்பு 2000ஆம் ஆண்டு யூலையில் அறிவிக்கப்பட்டது. மொழி தேங்கிப்போகின்றது என்ற சினத்தால் ஒருவர் கூட்டத்தில் காப்பிக் கோப்பைகளை ஒவ்வொன்றாகச் சுவரில் எறிந்து உடைத்ததே அதற்குத் தூண்டுகோல் என்பர். (தேயிலை நாட்டில் கோப்பை உடைத்தால் இத்துணை விளைவு உண்டாகுமோ என்பது ஐயம்.) பொதுமக்களிடம் மாற்றங்களைக் கேட்டனர், 361 பிரேரணைகள் குவிந்தன. யாவற்றையும் செரித்து அது வெளிவந்தது 2015ஆம் ஆண்டு நத்தார் நாளில். அதற்குள் அது முற்றும் வேறொரு மொழியாகிவிட்டமையால் 2019இல் ராக்கு என வேறு பெயரும் பெற்றது. பி.எச்.பி. மொழியின் ஆறாம் பதிப்பு, அதுவும் ஒருங்குறியின் பொருட்டே, 2005 அளவில் தொடங்கப்பெற்று 2010இற் கைவிடப்பட்டது. அடுத்து வந்தது ஏழு. ஆறு என்ற எண் எவர்க்கும் பயன்படாமலே போயிற்று.

இவற்றை நினைக்கும்போது எம்மைச் சூழ்ந்த மலைகளில் நிகழும் இருவேறு வேலைகள் நினைவுக்கு வருகின்றன. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவர். சில மாதம் கொழுந்து கிடையாது. எனினும் வேர் அதுவே, செடி அதுவே. மீள்நடுகை அவ்வாறன்று. விதைத் தேயிலையாகிய பழஞ்செடிகளை வேரோடு பிடுங்கி, மண்ணைத் தேற்றக் குவாத்தமாலாப் புல்லை வளர்த்து, ஏறத்தாழ ஈராண்டின் பின் தவறணையிலிருந்து வீ.பி. கன்றுகளைக் கொணர்ந்து நடுவர். தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் தேர்ந்தெடுத்த இனங்கள் அவை. கொழுந்து எடுக்க மேலும் சில ஆண்டு செல்லும். ஆதலின் தோட்டம் முழுவதையும் எவரும் ஒருங்கே பிடுங்குவதில்லை. ஒரு மலையைப் பிடுங்கும்போது மற்றைய மலைகளில் தொழிலாளர்க்குப் பேர் கிடைக்குமா என்று முதலிற் கணக்கிடுவர். கவ்வாத்துக்கு இத்தகைய கணக்கு வேண்டியதில்லை. பைதன் குழுவினர் செய்தது மீள்நடுகை. அவர்கள் வகுத்த கால அளவோ கவ்வாத்துக்கு உரியது. இடைப்பட்ட காலத்தில் எவர் எதை உண்பார் என்ற கணக்கே பிந்தித்தான் போடப்பட்டது.

இனிக் கொழும்புக்கு வருவோம். இலங்கையில் திறந்த மூல இயக்கம் தற்செயலாக எழுந்ததன்று. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவிற் பணியாற்றிய சஞ்சீவ வீரவரண தாயகம் திரும்பி, 2003ஆம் ஆண்டில் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அப்பாச்சி நிறுவகத்தின் அக்சிஸ்2 என்னும் மென்பொருளில் இலங்கை இளைஞரின் பங்கு பெரிது. 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது, இழப்பையும் உதவியையும் பதிந்து நிருவகிக்கும் சகானா என்ற திறந்த மூல மென்பொருளையும் இந்நாட்டவரே எழுதினர். பின்னர் அது பிற நாடுகளின் அனர்த்தங்களுக்கும் பயன்பட்டது. 2005இல் வீரவரணவும் வேறு சிலரும் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனத்தை அமைத்தனர். பல்வேறு மென்பொருள்களை ஒன்றோடொன்று பேசவைத்தல் அதன் தொழில்.

அத்தொழிலிலேயே புதிய மொழிக்கான தேவை பிறந்தது. வங்கியின் கணக்கு மென்பொருளும் கடையின் விற்பனை மென்பொருளும் வெவ்வேறு நிறுவனத்தாரால் எழுதப்பட்டவை. இரண்டையும் இணைக்கும் விதிகளை எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில் நீண்ட அமைப்புக் கோப்புகளாக எழுதிவந்தனர். விதி பெருகப் பெருக, ‘இவ்வாறாயின் இது செய், அன்றாயின் அது செய்’ என்ற நிபந்தனைகளும் மீள்செயல்களும் அக்கோப்பினுள் புகுந்தன. பெயரளவில் அமைப்புக் கோப்பு. உண்மையில் இலக்கணமற்ற ஒரு நிரல். அவ்வாறாயின் முறையான நிரல்மொழி ஒன்றையே இயற்றினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. அதன்வழி வந்த பலரினா 2017ஆம் ஆண்டில் உலகறிய வெளியிடப்பட்டது. வலையமைப்பினூடாக வரும் விண்ணப்பத்தை ஏற்பதும், பிறிதொரு சேவையை அழைப்பதும் அம்மொழியில் அடிப்படை இலக்கணமே. ஒவ்வொரு நிரலையும் யார் யாரிடம் எவ்வரிசையிற் பேசினர் என்று காட்டும் வரைபடமாகவும் அதிற் காணலாம். அப்பாச்சி உரிமத்தின் கீழ் யாவர்க்கும் அது திறந்திருந்தது.

மொழியின் இலக்கணத்தைச் செப்பம் செய்ய வந்தவர் ஜேம்ஸ் கிளார்க் என்னும் ஆங்கிலேயர். எக்ஸ்.எம்.எல். மொழிக்கு 1998இல் தரம் வகுத்த குழுவிற் தொழினுட்பத் தலைவராக விளங்கியவர் அவரே. தாய்லாந்தில் வாழ்ந்து, அங்கும் திறந்த மூல மென்பொருளுக்காக ஒரு நிலையத்தை நடத்தியவர். எக்ஸ்.எம்.எல். சுமையினின்றும் விடுபடப் பிறந்த மொழிக்கு எக்ஸ்.எம்.எல்.லை வகுத்தவரே இலக்கணம் எழுத நேர்ந்தமை சரித்திரத்தின் விநோதங்களுள் ஒன்று. அவர் வந்த பின் மொழியின் இலக்கணம் ஒரு தனி ஆவணமாயிற்று. தொகுப்பி எதைச் செய்கின்றதோ அதுவே மொழி என்ற நிலை மாறி, இலக்கண நூல் முதலிலும் தொகுப்பி அதன் வழியிலும் அமைந்தன. 2019இன் முதல் வெளியீடு, இரண்டாம் வெளியீடு என ஆண்டின் பெயரால் இலக்கண நூல் வெளிவரலாயிற்று. பெரும்பதிப்பு ஒன்றைத் திட்டமிடுவதற்கு இதனினும் உறுதியான அத்திவாரம் இல்லை என்பது என் எண்ணம். எது மொழி, எது தொகுப்பியின் தற்செயல் என்று பிரித்தறியாதவர் எதைக் கழிப்பதென்று முடிவு செய்தல் இயலாது.

2019 செப்டெம்பர் 10ஆம் நாள் பலரினா 1.0 வெளிவந்தது. முன்னர்த் தனக்கென ஒரு மாய இயந்திரத்தின் மேல் ஓடிய மொழி, இப்பதிப்பில் ஜாவாவின் இயந்திரத்திற்கு உரிய குறிகளாகத் தொகுக்கப்பட்டது. 1.0 என்ற எண்ணைச் சூடிய மொழி இனி மாறாது என்றே உலகம் கருதும். ஆயினும் ஓராண்டுக்குள்ளேயே, 2020இல், அடுத்த பெரும்பதிப்பின் முன்னோட்டங்கள் வரத் தொடங்கின. சைக்கோவ்ஸ்கி இசையமைத்து 1877இல் மொஸ்கோவில் அரங்கேறிய பாலே நாட்டியத்தின் பெயரால் அதற்கு அன்ன வாவி, அதாவது சுவான் லேக், என்று பெயரிட்டனர். நாட்டிய மங்கைக்கு வாவி பொருத்தமே.

புதிய பதிப்பிற் சேர்த்தவற்றையும் மாற்றியவற்றையும் முழுவதும் கூறப் புகின் இம்மலரின் பக்கங்கள் போதா. மூன்றை மட்டும் கூறுவல். முன்னர்ச் சேவை எழுதுவோர், எந்த முகவரிக்கு எவ்வகை விண்ணப்பம் வரும் என்பதைச் செயற்கூற்றின் தலைமேல் ஒரு குறிப்பாக ஒட்டிவைப்பர். புதிய பதிப்பில் அச்செய்தி செயற்கூற்றின் பெயருக்குள்ளேயே புகுந்து இலக்கணமாயிற்று. அட்டவணை என்னும் தரவு வகை திருத்தியமைக்கப்பட்டு, திறவுகோல் கொண்டு வரிசைகளைத் தேடவும், வினா வடிவிலேயே தேர்ந்தெடுக்கவும் வழி உண்டாயிற்று. மூன்றாவது ஒரே நேரத்தில் நிகழும் செயல்களைப் பற்றியது. இரு கணக்கப்பிள்ளைகள் ஒரே செக்ரோல் புத்தகத்தில் ஒரே வரியை ஒரே கணத்தில் எழுதினால் எவர் பேர் நிற்கும்? கணினியிலும் இதே இடர் உண்டு. ஒரு செயற்கூறு தனக்குப் புறம்பான பொருளைத் தீண்டாதது என்று எழுதுபவர் உறுதி கூறவும், அவ்வுறுதி மெய்தானா என்று நிரல் ஓடுமுன்னரே தொகுப்பி சோதிக்கவும் புதிய பதிப்பு இடம் செய்தது. இவற்றுள் முதல் மாற்றம் ஒன்றே 1.x வரிசையில் எழுதிய சேவைகள் திருத்தப்படாமல் ஓடாதபடி செய்துவிட்டது. அதனைத் திட்டமிட்டோர் அறிந்தே செய்தனர்.

அறிந்து செய்தது நியாயமா? நியாயமே என்பது என் முடிவு. பைதன் தன் குறையைத் தீர்க்கப் புகுந்தபோது அதன் வயது பதினேழு. உலகெங்கும் அதன் நிரல் பரவியிருந்தது. பலரினா 1.0 வெளிவந்து சில மாதங்களே சென்றிருந்தன. அதனை நம்பியோர் தொகையும் சிறிது. தோட்டம் சிறிதாயிருக்கும்போது மீள்நடுகை செய்தவர்க்குப் பேர்க் கணக்கு எளிது. தவறான சேவை இலக்கணத்தை இருபதாண்டு சுமந்து பின்னர்க் கழிப்பதை விட இரண்டாம் ஆண்டிலேயே கழித்தல் குறைந்த நட்டம்.

அன்றியும் நம்பினோர்க்கு வழியும் வைத்தனர். 1.2 என்னும் வரிசை உடனே கைவிடப்படவில்லை. ஒரே கணினியிற் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே வைத்துக்கொண்டு, ஒரு கட்டளையால் வேண்டியதற்கு மாற்றிக்கொள்ளும் கருவி கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு நிரற்றொகுதியும் தான் எப்பதிப்பிற்கு எழுதப்பட்டது என்பதைத் தன் அமைப்புக் கோப்பிலேயே பதிந்து வைத்திருக்கும் முறையும் வந்தது. நூலின் உட்பக்கத்தில் இன்ன பதிப்பு என்று அச்சிடுவது போன்ற சிறு செயலே இது. ஆனால் பள்ளியில் நூலும் கணினியும் வெவ்வேறு பதிப்பாகி வருந்தியோர் இதன் அருமையை உணர்வர்.

குறை இல்லாமலும் இல்லை. முன்னோட்டம், அல்பா, பீற்றா என ஏறத்தாழ இரண்டாண்டு நீண்ட காலத்தில், ஆர்வத்தால் முந்தியோர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தம் நிரலைத் திருத்தி எழுதவேண்டியிருந்தது. பதிப்பெண்ணும் எனக்கு முழுதும் உடன்பாடன்று. 2022 பெப்ரவரியில் வெளிவந்த அப்பெரும்பதிப்புக்கு 2.0 என்று பெயரிடாது 2201.0.0 என்று எண்ணிட்டனர். 22 என்பது ஆண்டு, 01 என்பது மாதம். காலத்தைக் காட்டுவதற்கு இவ்வெண் நல்லது. ஆனால் ஒன்று இரண்டாயிற்று என்றால் ஏதோ முறிந்தது என்று பாமரனும் அறிவான், 1.2 என்பது 2201 ஆயிற்று என்றால் அவன் எதை அறிவான்? மற்றொரு பக்கமும் உண்டு. 2201 என்ற எண் நிற்குமளவும் அதன்பின் வரும் புதுப்பிப்புகள் பழைய நிரலை முறிக்காமற் செல்வதே நெறி என்று கொண்டனர். அந்நெறியின்கீழ் 2201.1, 2201.2 எனப் பத்துக்கும் மேற்பட்ட புதுப்பிப்புகள் வெளிவந்துள்ளன.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் நாடு முழுவதும் மின்வெட்டு நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்தையும் கடந்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். உலகெங்கும் ஓடவேண்டிய மொழியின் பெரும்பதிப்பு அந்நாட்டினின்றும் அதற்குச் சற்று முன்னரே வெளிப்பட்டது என்பதை நமது பாடநூல்கள் எங்கும் குறிப்பதாகத் தெரியவில்லை. 2024ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு முதலீட்டு நிறுவனமாகிய ஈ.கியூ.ரி. டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. நிறுவனம் கைமாறினும், உரிமம் திறந்ததாதலின் பலரினாவின் மூலம் எவர்க்கும் கிடைக்கின்றது.

அம்மொழியில் மாறிகளுக்குத் தமிழிற் பெயரிடலாம். அதன் இலக்கண நூல் இடங்கொடுக்கின்றது. தமிழ் என்னும் சொல்லின் நீளத்தை அதனிடம் கேட்டால், பைதனைப் போலவே, ஐந்து என்றே அதுவும் விடை கூறும்.